மூன்று பதிவேடுகளில் ஒரு பெயர்

உப்புமா அண்டாவை அடுப்பிலிருந்து இறக்கும்போது மருதாத்தாள் துணி பிடிக்கவில்லை. பூவாத்தாள் அதைத் தற்செயலாகத்தான் பார்த்தாள். முன்னறையில் முப்பத்துநான்கு பிள்ளைகள் தட்டைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பின்கட்டில் மருதாத்தாள் அண்டாவின் காதை வெறும் இடது கையால் பற்றி, அவசரமே இல்லாமல் இரண்டடி நகர்த்தி வைத்தாள். முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை.

மறுநாள் காலை அவளுடைய சுண்டு விரலிலும் மோதிர விரலிலும் பெரிய கொப்புளங்கள் இருந்தன.

"என்ன கண்ணு, கையைச் சுட்டுக்கிட்டயா?"

மருதாத்தாள் கையைத் தூக்கிப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது போலிருந்தது. "நேத்து சுட்டிருக்குமாட்ட இருக்குதுங் டீச்சரக்கா" என்று சொல்லிவிட்டு, கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

பூவாத்தாளுக்கு ஒரு படம் நினைவுக்கு வந்தது. இரண்டு மாதங்களுக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் தொழுநோய்க் கட்டுப்பாட்டுப் பிரிவிலிருந்து அர்த்தநாரி என்பவர் வந்து படங்கள் காட்டிப் பேசியிருந்தார். சூடு தெரியாத கை ஒரு படத்தில் இருந்தது.

அது 1976ஆம் வருடத்து ஆடி மாதம். நாவலம்பதி கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, மலையாள நாட்டு எல்லைக்குள், பருத்தியும் நிலக்கடலையும் போடுகிற தமிழ் ஊர். அங்கே மாதர் சங்கம் நடத்திய பால்வாடிக்குப் பூவாத்தாள் ஆறு வருடமாக டீச்சர். கந்தப்பக் கவுண்டர் தம்முடைய பழைய பருத்திக் குடோனை அதற்கு விட்டுக்கொடுத்திருந்தார். மருதாத்தாள் அங்கே சமையல் செய்கிற ஆயா. இருபத்துநான்கு வயது, ஏழு மாதக் கர்ப்பம், தலைச்சன். அவள் கணவன் குப்பண்ணன் கவுண்டரின் தோட்டத்தில் ஏர் ஓட்டினான்.

அந்த வாரம் முழுவதும் பூவாத்தாளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவளுடைய சின்ன மகள் செல்லிக்கு நான்கு வயது, அவளும் அந்த உப்புமாவைத்தான் தின்றாள். பட்டப்பகலில் மகளை வாசலில் நிறுத்தி, சட்டையைக் கழற்றி, முதுகையும் தொடையையும் அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. மறுநாளும் பார்த்தாள். மருதாத்தாளை நிறுத்திவிட்டால் ஏன் என்று ஊர் கேட்கும். நிறுத்தாவிட்டால் முப்பத்துநான்கு தாய்மார்களுக்கு யார் பதில் சொல்வது?

சனிக்கிழமை அவள் பஸ் ஏறிக் கொழிஞ்சாம்பாறைக்குப் போய் அர்த்தநாரியைத் தேடிப் பிடித்தாள். நாற்பது வயது இருக்கும், ஒல்லியான மனிதர். பன்னிரண்டு ஊர்களுக்குச் சைக்கிளில் போய், சந்தை நாளில் கொழிஞ்சாம்பாறையிலும் மாத்திரை கொடுப்பது அவர் வேலை. டீக்கடை பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து, அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"பேரு சொல்லலாங்களா சார்?"

"சொல்ல வேண்டாமுங் டீச்சர்" என்றார் சட்டென்று. "நீங்க சொன்னாலும், அந்தப் பேரு என்ற பதிவேட்டுல இருக்குது, இல்லைன்னு நான் வாயத் தொறக்க மாட்டேன். அப்படித் தொறந்திருந்தா இந்தப் பக்கத்துல ஒருத்தரும் மாத்திரை வாங்க வந்திருக்க மாட்டாங்."

"எங்கொழந்தை அங்க சாப்புடுதுங் சார்."

அவர் டம்ளரைப் பெஞ்சில் வைத்தார். "ஒழுங்கா மாத்திரை சாப்புடறவங்களால யாருக்கும் ஒட்டாது. அதை மட்டும் நம்புங்க." பிறகு, கேட்கக் கூடாததைக் கேட்பவர் போலக் குரலைத் தாழ்த்தினார். "அவங்களுக்குக் காய்ச்சல் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

அந்தக் கேள்வி பூவாத்தாளை அவர் சொன்ன ஆறுதலைவிட அதிகமாகத் தைத்தது. இவருக்குத் தெரியும். தெரிந்தும் இவருக்கே பயமாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை மருதாத்தாள் வேலைக்கு வரவில்லை. காய்ச்சல் என்று குப்பண்ணன் வந்து சொன்னான். பூவாத்தாள் தானே அடுப்பு மூட்டினாள். அன்று மத்தியானம் நர்ஸ் ஏலியாம்மா பிள்ளைகளுக்கு ஊசி போட வந்தாள். கோட்டயத்துக்காரி. எட்டு வருடமாக இந்தப் பக்கம் பிரசவம் பார்த்துப் பார்த்து அவளுக்கு ஒரு தனித் தமிழ் வந்திருந்தது.

"ஆ பெண்ணோட காரியம் எனிக்குப் பேடியா, பயமா இருக்கு பூவாத்தா" என்றாள் ஊசியைக் கொதிநீரில் போட்டுக்கொண்டே. "கால் வீக்கம். காய்ச்சல் விடலை. கையில, முகத்தில எல்லாம் சிவப்பு சிவப்பா முடிச்சு. இடது கை வலின்னு கத்துது. வாதக் காய்ச்சலோ என்னமோ. ஜில்லா ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்."

"மருந்து ஏதாச்சும் சாப்புட்டுதுங்களா?"

"சந்தை மாத்திரை! மூணு மாசம் முன்னால மொளகாய் டப்பாவில ஒரு பொட்டலம் வெள்ளை மாத்திரை பார்த்தேன். எந்தான்னு கேட்டா, தலைவலிக்குன்னு சொன்னா. கர்ப்பிணி கண்டதையும் தின்னலாமோ? நான்தான் எருக்குழியில எறிஞ்சேன். இனி தொடக்கூடாதுன்னு சத்தியமும் வாங்கினேன்."

பூவாத்தாள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். அர்த்தநாரியின் பதிவேட்டில் மூன்று மாதமாக ஒரு பெயருக்கு நேரே மாத்திரை வாங்கவில்லை என்று எழுதியிருக்கும். ஏலியாம்மாவின் பதிவேட்டில் அதே பெயருக்கு நேரே காய்ச்சல், வீக்கம் என்று இருக்கும். தன்னுடைய பதிவேட்டில் இன்றைக்கு லீவு. மூன்றையும் சேர்த்துப் படிக்கக்கூடியவள் அந்த நிமிடம் அவள் ஒருத்திதான். வாய் நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அர்த்தநாரி டீக்கடையில் வாயைத் திறக்காமல் இருந்தது நினைவுக்கு வந்தது. இது தன்னுடைய விஷயமும் இல்லை. ஏலியாம்மாவுடைய விஷயமும் இல்லை.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பொறுங்க சிஸ்டர். அதுக்கு முன்னால எங்கயும் அனுப்பிராதீங்க" என்றாள். ஏலியாம்மா அவளை விசித்திரமாகப் பார்த்தாள்.

மூன்று மணிக்குப் பூவாத்தாள் மருதாத்தாளின் வீட்டுக்குப் போனாள். குப்பண்ணன் தோட்டத்தில் இருந்தான். மருதாத்தாள் பாயில் ஒருக்களித்துக் கிடந்தாள். முகம் உப்பி, கண் சிவந்திருந்தது. இடது கையை ஒரு குழந்தையைப் போல வலது கையால் அணைத்துப் பிடித்திருந்தாள்.

"கண்ணு, நீ சாப்புட்டுட்டு இருந்த வெள்ளை மாத்திரை என்னன்னு எனக்குத் தெரியும்."

மருதாத்தாள் எழுந்து உட்கார முயன்றாள், முடியவில்லை. "அந்தச் சார் சொல்லிப்போட்டாருங்களா?"

"அவரு சத்தியமா ஒரு வார்த்தை சொல்லலை. அண்டாவை வெறுங்கையில இறக்குனியல்ல, அதப் பாத்துத்தான் எனக்குப் புரிஞ்சுது."

வெளியே ஆடிக் காற்று ஓலைத் தட்டியைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது.

"என்னைய நிறுத்திப்போடுவீங்களா டீச்சரக்கா?"

"அத அப்பறம் பேசலாம். இப்ப உன்ற கை, உன்ற வயித்துல இருக்கற கொழந்தை. அந்த மாத்திரைய நிறுத்தச் சொன்ன சிஸ்டருக்கு அது என்ன மாத்திரைன்னே தெரியாது. தெரிஞ்சாத்தான் வழி பண்ண முடியும். நான் சொல்லட்டுமா? நீ வேண்டாம்னா சொல்ல மாட்டேன்."

"சிஸ்டரு என்னையத் தொடுவாங்களா அப்புறம்?"

தெரியாது என்றே பூவாத்தாள் சொன்னாள். மருதாத்தாள் கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணோரம் தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போயிற்று.

"சிஸ்டருகிட்ட மட்டும் சொல்லுங். எங்கூட்டுக்காரருக்குத் தெரியவே கூடாதுங். தெரிஞ்சா நான் கெணத்துல உழுந்துருவேன்."

அன்று சாயங்காலமே பூவாத்தாள் பஸ் ஏறிப் போய் அர்த்தநாரியிடம் சொல்லிவிட்டு வந்தாள். அடுத்த நாள் மத்தியானம் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் நான்கு பேரும் பால்வாடியில் கூடினார்கள். அர்த்தநாரி பிள்ளைகளின் தோலைப் பரிசோதிக்க வந்ததாகப் பெயர். ஏலியாம்மா பால்பொடி பார்க்க வந்ததாகப் பெயர். மருதாத்தாளைப் பின்கட்டில் கோணிமேல் படுக்க வைத்திருந்தார்கள். நடுவில் ஒரு பலகைத் தடுப்பு மட்டும்.

விஷயத்தைக் கேட்டதும் ஏலியாம்மா முதலில் வெளுத்தாள். பிறகு சிவந்தாள்.

"ரெண்டு வருஷமா இவ உங்க லிஸ்ட்டில. அஞ்சு மாசமா என் லிஸ்ட்டில. ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்குத் தோணலையா? பிரசவம் பார்க்கறது நானா நீங்களா?"

"சொல்லக் கூடாதுங்கறது எங்களுக்குச் சட்டம் மாதிரி சிஸ்டர். என்ன ஏதுன்னு கேக்காம மாத்திரையை எருக்குழில போட்டது நீங்க."

"ஒரு சீட்டு இருந்ததா அதில? ஒரு பேர் இருந்ததா? வெறும் கடலாசில, பேப்பரில மடிச்சுக் கொடுத்தா நான் எங்ஙனே அறியும்?"

"சீட்டோட கொடுத்தா அந்தச் சீட்டை யாராச்சும் படிச்சிருவாங்களே!"

"மெதுவா" என்றாள் பூவாத்தாள். "கொழந்தைக தூங்குது. அவ அந்தப் பக்கம்தான் இருக்கறா. எல்லாம் கேக்குது அவளுக்கு."

இருவரும் சட்டென்று நிறுத்தினார்கள். தடுப்புக்கு அப்பால் ஒரு முனகல் கேட்டது. ஏலியாம்மா எழுந்து உள்ளே போனாள். பூவாத்தாள் தடுப்போரமாக எட்டிப் பார்த்தாள். நர்ஸ் கோணியின் ஓரத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, மருதாத்தாளின் வீங்கிய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "மோளே, எனிக்குத் தெரியாது. க்ஷமிச்சிரு" என்றாள். மருதாத்தாள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு பேச்சு வேறு மாதிரி நடந்தது. இது அந்த நோயிலே வருகிற ஒரு கொதிப்பு என்றும், நரம்பு வீங்கிப் போயிருக்கிறது என்றும், பத்து நாளுக்குள் சரியான மருந்து போகாவிட்டால் கை மடங்கினது மடங்கினதுதான் என்றும் அர்த்தநாரி சொன்னார். அதற்கு அவருடைய பிரிவின் டாக்டர் வந்து பார்க்க வேண்டும். கால் வீக்கமும் ரத்த அழுத்தமும் தன் பொறுப்பு என்றாள் ஏலியாம்மா. ஆஸ்பத்திரிச் சீட்டில் அந்த நோயின் பெயர் ஏறினால் பிரசவ வார்டில் படுக்கை கிடைப்பது சந்தேகம் என்று இருவருக்குமே தெரிந்திருந்தது. "வேறொரு கேடும் இல்லேன்னா துணைச் சுகாதார நிலையத்தில நானே பிரசவம் எடுக்கறேன்" என்றாள் அவள். அர்த்தநாரி மருதாத்தாளின் காது மடலில் சின்னதாகக் கீறி, கண்ணாடித் துண்டில் தடவி எடுத்துக்கொண்டார். அவளால் மற்றவர்களுக்கு ஒட்டுமா என்பது அதில் தெரியும். முடிவு வர எட்டு நாள்.

டாக்டர் வெள்ளிக்கிழமை வருவார், யாருக்கும் தெரியாமல் வந்து பார்த்துவிட்டுப் போவார் என்று முடிவாயிற்று. எல்லாவற்றையும் யோசித்தவர்கள் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. டாக்டருக்குப் பிரிவின் ஜீப்பைத் தவிர வேறு வண்டி கிடையாது. அதன் இரண்டு பக்கமும் தொழுநோய்க் கட்டுப்பாடு என்று முழங்கை நீள எழுத்தில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதியிருந்தது.

ஜீப் பால்வாடி வாசலில் முக்கால் மணி நேரம் நின்றது.

டாக்டர் மருந்து கொடுத்தார். கையை அசையாமல் வைக்கத் தப்பை கட்டினார். மருதாத்தாள் பின்வழியாக வீடு போய்ச் சேர்ந்தாள். சனிக்கிழமை காலை முப்பத்துநான்கு பிள்ளைகளில் நான்கு பேர் வந்தார்கள். அதில் ஒருத்தி செல்லி.

ஒன்பது மணிக்குக் கந்தப்பக் கவுண்டர் வந்தார். குடோன் வாசல்படியைத் தாண்டாமல் வெளியிலேயே நின்றார். பின்னால் ஏழெட்டுப் பேர். குப்பண்ணனும் அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் நின்றதைப் பூவாத்தாள் பார்த்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங் டீச்சரம்மா, யாருக்குங் அந்த வியாதி? சோறாக்கறவளுக்கா, கொழந்தைகளுக்கா? ஊருக்குச் சொல்லோணுமல்லங்?"

ஆமாம் என்றாலும் தப்பு, இல்லை என்றாலும் பொய். அந்த நேரத்தில் ஏலியாம்மா பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். பத்தடி பின்னால் அர்த்தநாரியின் சைக்கிள். முந்தின நாள் ஜீப் கிளம்பும்போதே தங்கள் தவறு இருவருக்கும் உறைத்திருந்தது. மூலத்துறைப் பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார்கள்.

"வியாதி யாருக்குன்னு நோக்கத்தான் வந்திருக்கோம்" என்றாள் ஏலியாம்மா உரக்க. "ஊர் முழுக்க நோக்கணும். வீடு வீடா. ஆண், பெண், குழந்தை எல்லாரும். டாக்டர் உத்தரவு. முதல்ல முதலாளி. ஷர்ட் கழட்டுங்க."

கவுண்டர் திகைத்தார். "எனக்கெதுக்குங்?"

"பெரிய வீட்டில தொடங்கினாத்தானே மத்தவங்க சம்மதிப்பாங்க?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கவுண்டர் சட்டையைக் கழற்றினார். அர்த்தநாரி பஞ்சுத் திரியால் அவர் முதுகில் தொட்டுத் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு விரல் வைத்துக் காட்டச் சொன்னார். எல்லா இடத்தையும் அவர் சரியாகக் காட்டினார். காட்டி முடித்தபோது அவர் நெற்றியில் வேர்த்திருந்தது. பயம் அவருக்கும்தான்.

மூன்று நாள் நடந்தது அந்தப் பரிசோதனை. ஆண்களை அர்த்தநாரி பார்த்தார், பெண்களை ஏலியாம்மா பார்த்தாள்; எங்கே எப்படித் தொட்டுப் பார்ப்பது என்று அவர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். எந்த வீட்டில் யார் யார், எவள் கூச்சப்படுவாள், எந்த நேரத்தில் எந்த வீடு திறந்திருக்கும் என்பதெல்லாம் பூவாத்தாளுக்குத் தெரியும். அவள் முன்னால் நடந்தாள். நானூற்றுப் பதினோரு பேரைப் பார்த்ததில் மூன்று பேருக்கு உணர்வில்லாத தேமல் இருந்தது. அந்த மூன்று பேர் யார் என்பதை, நோய் வந்தவர்களைத் தவிர ஊரில் ஒருவரும் இன்று வரை அறியவில்லை. ஜீப் எல்லோருக்காகவும்தான் வந்தது என்று ஊர் பாதி நம்பியது. மீதிப் பாதி மருதாத்தாளின் வீட்டைத் தாண்டும்போது நடையை எட்டிப் போட்டது.

எட்டாம் நாள் அர்த்தநாரி பால்வாடிப் பக்கமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவர் முகத்தைப் பார்த்தும் எதுவும் ஊகிக்க முடியாமல் பூவாத்தாள் தவித்தாள். ஆனால் அவர் அவளிடம் நிற்கவில்லை. நேராக மருதாத்தாளிடம் போய்த்தான் சொன்னார். அவளே மறுநாள் பூவாத்தாளிடம் சொன்னாள்: "ஒட்டாதாமுங் டீச்சரக்கா. கிருமி ஒண்ணுகூட இல்லையாமுங்." சொல்லிவிட்டு அவள் அழுதாள். பூவாத்தாளும் அழுதாள், செல்லிக்காகவும் சேர்த்து.

குப்பண்ணனிடம் மருதாத்தாள் தானே சொன்னாள். யாரும் சொல்லச் சொல்லவில்லை. கூட்டத்தோடு நின்று வேடிக்கை பார்த்துவிட்டு வந்த அன்றிலிருந்து அவன் அவள் கைத் தப்பையைப் பார்ப்பதும் பார்வையைத் திருப்புவதுமாக இருந்தானாம். சொன்னதும் எழுந்து அக்கா ஊருக்குப் போய்விட்டான். ஐந்து நாள் வரவில்லை. அந்த ஐந்து நாளும் ஏலியாம்மாவோ பூவாத்தாளோ யாராவது ஒருத்தி கிணற்றடி வழியாக அந்த வீட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தாள். ஆறாம் நாள் அவன் வந்தான். வரும் வழியில் கொழிஞ்சாம்பாறையில் இறங்கி, அர்த்தநாரியைப் பிடித்து, கையில் மாத்திரைப் பொட்டலத்தோடு வந்தான்.

"சந்தைக்கு நான் போறப்ப நானே வாங்கியாறேன்" என்றானாம்.

புரட்டாசியில் துணைச் சுகாதார நிலையத்தில் பெண் குழந்தை பிறந்தது. மாதம் முழுதாகாமல் சின்னதாகத்தான் பிறந்தது. முதல் இரண்டு நாள் பால் குடிக்கவில்லை. ஏலியாம்மா வீட்டுக்குப் போகாமல் அங்கேயே இருந்து பஞ்சில் நனைத்துப் புகட்டினாள். மூன்றாம் நாள் அது வாயைப் பிளந்து கத்தியது. மருதாத்தாளின் கையில் நான்கு விரல்கள் நிமிர்ந்தன. சுண்டு விரல் மடங்கியே நின்றுவிட்டது.

பால்வாடிக்குப் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள், ஆனால் எல்லோரும் இல்லை. தையில் இருபத்தாறு பேர். மருதாத்தாள் மறுபடியும் அடுப்படிக்கு வந்தாள், முழங்கை வரை கனத்த துணி உறை போட்டுக்கொண்டு. அவளைச் சேர்ப்பதா என்று மாதர் சங்கத்தில் பெரிய வாக்குவாதம் நடந்தது. பூவாத்தாள் செல்லியை எல்லோர் முன்னாலும் நிறுத்தி, மருதாத்தாள் கையால் ஒரு தட்டு உப்புமா வாங்கித் தின்ன வைத்தாள். அன்றைக்கும் அவளுக்கு உள்ளுக்குள் நடுங்கியது என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அர்த்தநாரியும் ஏலியாம்மாவும் பூவாத்தாளும் மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை பால்வாடியில் சந்திப்பது என்று வைத்துக்கொண்டார்கள். மேலிடத்திலிருந்து உத்தரவு எதுவும் இல்லை. சண்டையும் நின்றபாடில்லை. அர்த்தநாரி தாமதமாக வருவார். ஏலியாம்மா அதற்கு அவரைப் பிய்த்தெடுப்பாள். மருதாத்தாள் முதல் கூட்டத்துக்கே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"என்னையப் பத்திப் பேசறதுன்னா நானும் இருக்கோணுமுங்" என்றாள்.

அதிலிருந்து அவளும் உட்கார்ந்தாள்.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கிழக்குத் தெருவில் இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருக்கிற முத்தாத்தாளைப் பற்றிப் பேச்சு வந்தது. அவளுக்கு இருமல் இரண்டு மாதமாக விடவில்லை. ஏலியாம்மா தனக்குத் தெரிந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். அர்த்தநாரி நோட்டைத் திறந்தார். மருதாத்தாள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"எங்க போற கண்ணு?" என்றாள் பூவாத்தாள்.

"இது அந்தக்கா சங்கதியல்லங்? நான் கேக்கலாமுங்களா?" அவள் வாசல் பக்கம் நகர்ந்து நின்றாள். "அந்தக்காகிட்டக் கேட்டுப்போட்டுத்தான் பேசறீங்களா?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கேட்டிருக்கவில்லை.

அர்த்தநாரி நோட்டை மூடினார். ஏலியாம்மா பையை எடுத்துக்கொண்டு, முத்தாத்தாளைக் கேட்கக் கிழக்குத் தெருவைப் பார்த்து வெயிலில் நடந்தாள்.